கஸ்வீனில் ஒரு சாவிக்காரி

ஈரான் போகிறவர்கள் இஸ்ஃபஹான், ஷீராஸ் என்று ஓடிவிடுகிறார்கள். தெஹ்ரானிலிருந்து மேற்கே 150 கிலோமீட்டரில் இருக்கும் கஸ்வீனை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நான் போனது பரி கான் கானும் என்ற இளவரசி வாழ்ந்த இடத்தைப் பார்க்க.

பதினாறாம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட சஃபவி வம்சத்து மன்னர் ஷா தஹ்மாஸ்ப் தலைநகரைத் தப்ரீஸிலிருந்து இங்கே மாற்றினார். ஒட்டோமான் படை அடிக்கடி வந்துபோகும் எல்லையில் தப்ரீஸ் இருந்ததுதான் காரணம். அவருடைய அரண்மனை வளாகத்தில் இன்று சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியவை ஆலி காப்பு வாசலும், பூங்கா நடுவே நிற்கும் செஹெல் சோதூன் மண்டபமும். மண்டபம் சின்னதுதான். உள்ளே அழிந்தும் அழியாமலும் சுவரோவியங்கள்.

பரி கான் அவருடைய செல்ல மகள். ஒன்றுவிட்ட சகோதரனுக்கு நிச்சயம் செய்தும் அனுப்பி வைக்கவில்லை. அரசு விஷயங்களில் மகளின் யோசனை அப்பாவுக்குத் தேவைப்பட்டது. 1576 மே மாதம் தஹ்மாஸ்ப் இறந்ததும் ஜார்ஜியத் தாய்க்குப் பிறந்த ஹைதர் மிர்சா தன்னை மன்னன் என்று அறிவித்துக்கொண்டான். பரி கானின் அம்மா காகசஸ் மலைப்பகுதியின் சர்க்காசியப் பெண்; அவர் உறவினர்கள் இன்னொரு மகன் இஸ்மாயிலின் பக்கம். ஹைதரின் பக்கம் நிற்பதாகச் சத்தியம் செய்து வெளியே வந்த பரி கான், தாய்மாமன் ஷம்கால் சுல்தானிடம் அரண்மனைச் சாவியைக் கொடுத்துவிட்டார். இஸ்மாயிலின் அணி உள்ளே புகுந்தது. பெண் வேடத்தில் தப்பப் பார்த்த ஹைதர் பிடிபட்டுக் கொல்லப்பட்டான்.

இதை 'அந்தப்புரச் சதி' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல். வெளியே கிசில்பாஷ், அதாவது சஃபவிகளின் படைபலமாக இருந்த துருக்கியப் பழங்குடிகளின் தலைவர்கள் செய்ததும் இதே அரசியல்தானே? அதற்கு மட்டும் வேறு பெயர்!

அரியணை ஏறியது சுமார் இருபது வருடம் கஹ்கஹா கோட்டையில் அடைபட்டிருந்த அண்ணன் இரண்டாம் இஸ்மாயில். வந்ததும் தங்கையை ஓரங்கட்டினார், அரச குடும்பத்து ஆண்களைக் கொன்று தீர்த்தார். 1577 நவம்பரில் அவரே இறந்துபோக, விஷம் என்று பேச்சு. அப்புறம் சில வாரங்கள் கஸ்வீனில் பரி கானின் உத்தரவுதான் நடந்தது.

அடுத்த மன்னராக அவர் ஒப்புக்கொண்டது அண்ணன் முகமது கோதாபந்தாவை. கண்பார்வை ஏறக்குறைய இல்லாதவர். தன் பேச்சைக் கேட்பார் என்ற கணக்கு. அண்ணி கைருன்னிசா பேகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. 1578 பிப்ரவரியில் புது மன்னர் கஸ்வீன் வந்த கையோடு பரி கான் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டார். வயது முப்பதுகூட ஆகவில்லை.

காஸ்பியன் கடலோர மாசந்தரானை ஆண்ட குடும்பத்தில் பிறந்த கைருன்னிசா கணவர் பெயரில் நேரடியாகவே ஆண்டார். தன் அப்பாவைக் கொன்ற குடும்பத்தைப் பழிவாங்க, கிசில்பாஷ் தலைவர்கள் அடைக்கலம் கொடுத்திருந்த அந்தக் குடும்பத்து மிர்சா கானைக் கொல்ல வைத்தார். தங்கள் வாக்கே பொய்த்துப்போனதை அவர்கள் மன்னிக்கவில்லை. 1579 ஜூலையில், ஒரு கிரிமியத் தாத்தார் இளவரசனோடு சேர்த்துப் பழி சொல்லி, அந்தப்புரத்துக்குள் நுழைந்து அவரையும் நெரித்தார்கள். பெண்ணை வீழ்த்த அன்றும் நடத்தைப் பழிதான் சுலபம்.

வெளியே வந்து கேய்மே நெசார் சாப்பிட்டேன்: சோறு, இறைச்சி, மேலே பிஸ்தா, ஆரஞ்சுத் தோல் சீவல். இனிப்பும் புளிப்புமாக நன்றாகவே இருந்தது.

கைருன்னிசாவின் மகன்தான் ஷா அப்பாஸ். அம்மா கொல்லப்பட்டபோது அவருக்கு எட்டு வயது. மன்னரானதும் கிசில்பாஷின் கையை ஒடுக்கி, தலைநகரை இஸ்ஃபஹானுக்குக் கொண்டு போனார். அங்கே அவர் யோசனை கேட்டவர்களில் ஒருவர் அத்தை ஜைனப் பேகம். பரி கானின் சகோதரி.