தீவன அரவைக் குறிப்புகள்: ரை, கோதுமை, சைலனேஸ்

அக்டோபர் 7, ஆத்தூர்

கறிக்கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் விலை ஏறினால் வேறு தானியத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. போலந்து, ஜெர்மனி பக்கம் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தைப் போடுகிறார்கள். சேலம் மண்டிகளில் நமக்குக் கைக்கு எட்டுவது அதன் உறவான கோதுமைதான். இரண்டுக்கும் தொல்லை ஒன்றே, ரையில் அது பெரிது. கம்புக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

அக்டோபர் 9

தொல்லையின் பெயர் அரபினோசைலான், தானியத்தில் உள்ள ஒரு வகை நார்ச்சத்து. இதன் கரையும் பகுதி குடலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பிசின் மாதிரி கொழகொழக்கிறது. செரிமான நீர் தீவனத்தோடு கலப்பதில்லை. முதலில் அடிபடுவது கொழுப்புச் செரிமானம். மாட்டுக் கொழுப்பு சேர்த்திருந்தால் இன்னும் மோசம், தாவர எண்ணெய் பரவாயில்லை. மூன்று வாரத்துக்குட்பட்ட குஞ்சு இதைத் தாங்காது. எச்சம் பின்புறத்தில் ஒட்டும், லிட்டர் (கொட்டகைத் தரையில் பரப்பிய உமி) நனையும், அமோனியா கிளம்பும், பாதம் புண்ணாகும்.

சைலனேஸ் என்ற என்சைம் அரபினோசைலானின் நீளச் சங்கிலியை நறுக்குகிறது. முழுதாகச் செரிக்கத் தேவையில்லை. துண்டானாலே கொழகொழப்பு இறங்கிவிடும். பார்லிக்கு வேண்டியது பீட்டா குளுக்கனேஸ் என்ற வேறு என்சைம். பைட்டேஸ் என்ற என்சைம் தானியத்தில் உள்ள பாஸ்பரஸை விடுவிக்க மட்டும். எச்சம் ஒட்டுவதற்கு அதைப் போட்டுப் பயனில்லை. "என்சைம்" என்று பொதுவாகக் கேட்டு வாங்காமல், எந்த என்சைம் என்று பாக்கெட்டைப் படியுங்கள்.

அக்டோபர் 12

என்சைம் லேபிளில் டன்னுக்கு 100 கிராம் என்று இருந்தால் அதை அப்படியே மிக்சரில் கொட்டக்கூடாது. ஒரு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதைப் பத்துக் கிலோவாக்கி, மிக்சர் பாதி நிறைந்ததும் போடவும். எண்ணெய் கடைசியில்தான், முன்னாலேயே ஊற்றினால் தூள் உருண்டு ஒரு மூட்டையில் அதிகமும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போகும்.

பெல்லட் (அழுத்திய தீவனக் குச்சி) போடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியம் நீராவிச் சூடு. 85 டிகிரியைத் தாண்டினால் மேல்பூச்சு இல்லாத என்சைம் பெருமளவு செத்துப்போகும். பூச்சுள்ளதை வாங்குங்கள், அல்லது பெல்லட் ஆறிய பின் திரவமாகத் தெளியுங்கள். தூளாகவே போடும் மேஷ் தீவனத்துக்கு இந்தக் கவலை இல்லை.

அக்டோபர் 15

ஸ்டார்ட்டரில் (குஞ்சுப் பருவத் தீவனம்) ரை வேண்டவே வேண்டாம். ஃபினிஷரில் (விற்பனைக்கு முந்தைய கடைசித் தீவனம்) 5 சதவீதத்தில் தொடங்கி, எச்சத்தைப் பார்த்து ஏற்றலாம். கருஊதா நிறத்தில் நீண்ட மணி கலந்திருந்தால் அது எர்காட் என்ற நச்சுப் பூஞ்சை. மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். மக்காச்சோளம் குறைந்தால் காலின் மஞ்சளும் வெளுக்கும்; உயிர்க்கோழியாக விற்பவர்கள் இதைக் கணக்கில் வைக்கவும்.

அக்டோபர் 20

என்சைம் போட்டும் லிட்டர் ஈரமா? உமியைக் கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். தானியத்தைக் குறை சொல்லும் முன் தண்ணீர் நிப்பிள் கசிவு, தீவன உப்பு, காக்சிடியா (குடல் ஒட்டுண்ணி) மூன்றையும் பாருங்கள். மழை மாதத்தில் பக்கத் திரையை முழுக்க மூடி வைத்தாலும் இதே கதிதான். மேலே ஓர் அடி திறந்திருக்கட்டும்.