இரண்டாம் முறை கேட்ட கேள்வி

வீடற்ற குடும்பங்களுக்கான எங்கள் காப்பகத்தின் சேர்க்கைப் படிவத்தில் ஏழாவது கேள்வி, 'நேற்றிரவு எங்கே தங்கினீர்கள்?' என்பது. நடைபாதை, நிலையம், வண்டிக்குள் என்று விடை வந்தால் குடும்பம் அறைக்காகக் காத்திருப்போர் பட்டியலின் மேல்வரிசைக்குப் போகும். உறவினர் வீடு என்று வந்தால், அந்த உறவினரைத் தொலைபேசியில் அழைத்து, இன்னும் சில நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, முடியும் என்றால் வந்தவர்களை அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும். காப்பகங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சல்லடையை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று குடும்பத்தோடு வந்த ஒரு பெண் இந்தக் கேள்விக்கு "என் தங்கை வீட்டில்" என்றார். சிறிதும் தயங்கவில்லை. கணவர் பேசவில்லை, அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இளைய மகன் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கழற்றிய செருப்புகள் அவன் தலைக்கடியில் இருந்தன. செருப்பு களவு போகும் இடங்களில் படுத்துப் பழகியவர்கள்தான் அப்படி வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தங்கை வீட்டுக் கூடத்தில் தூங்கும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே மனத்தில் ஓடியது. ஆனால் ஏழாவது கேள்விக்குக் கீழே செருப்பை எழுத இடமில்லை.

அதனால்தான் மீண்டும் கேட்டேன்: "நேற்று இரவு அங்கேதான் இருந்தீர்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், அம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா, சார்?"

"இல்லை, படிவத்துக்காகக் கேட்டேன்" என்றேன். விடையை எழுதிக்கொண்டேன். இவ்வளவுதான் நடந்தது.

நான் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டதாகவே அப்போது நினைத்தேன். அவருக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கிறது. தெருவில் படுத்தேன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லக் கூசித்தான் அவர் தங்கையின் பெயரை முதலில் எடுத்திருப்பார் என்றால், மறுமுறை கேட்டதன் மூலம் நான் அந்த விடையை மேலும் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன். அல்லது அவர் உண்மையையே சொன்னாரோ? அப்படியானால் பொய் சொன்னால் அறை கிடைக்கும் என்று குறிப்புக் காட்டியவன் நான்தான். இரண்டில் எது மோசமானது என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தங்கையை அழைத்தேன். காரணத்தைச் சொன்னதும் மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்னணியில் ஏதோ குழந்தை அழுதது. பிறகு "வரச்சொல்லுங்கள்" என்றார். திரும்பிச் செல்ல இடம் உண்டு என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

அன்று ஒரே ஓர் அறைதான் மிச்சமிருந்தது. நிலையத்தில் படுத்திருந்ததாகச் சொன்ன வேறொரு குடும்பத்துக்கு அது போயிற்று. ஆளுக்கேற்ப விடையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு இருக்கும், என் குறிப்பைப் புரிந்துகொள்ளாதவர்தானே வெளியே நிற்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாதம் சரியானதுதான். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, வாய்ச்சாதுரியமுள்ள ஒரு தந்தையிடம் இதே கேள்வியை இதே தொனியில் இரண்டாம் முறை கேட்டிருந்தேன். அவர் சட்டெனப் புரிந்துகொண்டு விடையை மாற்றினார், நானும் மாற்றி எழுதினேன். அன்று எனக்குப் பட்டியலின் மதிப்பு நினைவுக்கு வரவில்லை.

பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவரை வீடற்றவராகக் கொள்வதா என்பதில் உலகெங்கும் குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் வீடற்றோருக்காக வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியான்ட்சா 2005-இல் வெளியிட்ட வீடின்மை வகைப்பாடு, உறவினர் வீட்டில் தற்காலிகமாக இருப்பவரையும் தன் வரம்புக்குள் சேர்க்கிறது. அமெரிக்காவில் வீடற்றோர் உதவிக்கான மெக்கின்னி-வென்டோ சட்டத்தின் கல்விப் பகுதி, வீட்டை இழந்து பிறர் வீட்டில் தங்கும் பிள்ளையை வீடற்ற பிள்ளையாகவே கொள்கிறது. ஆனால் அதே நாட்டில் ஜனவரியில் ஓர் இரவை வைத்து எடுக்கும் வீடற்றோர் கணக்கெடுப்பில் காப்பகத்திலும் தெருவிலும் இருப்பவர்கள்தான் எண்ணப்படுகிறார்கள். பள்ளியில் வீடற்றவனாக இருக்கும் பையன் கணக்கில் வீடுள்ளவன் ஆகிவிடுகிறான். இதையெல்லாம் பிறகுதான் தேடிப் படித்தேன். தவறு என்னுடையதல்ல, வரையறையுடையது என்று காட்டும் ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிடைக்கவே செய்தது. ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்த பார்வைக்கும் எந்த வரையறைக்கும் தொடர்பில்லை.

இப்போது 'இன்றிரவு எங்கே தூங்குவீர்கள்?' என்று முதலில் கேட்கிறேன், படிவம் பிறகுதான். அது நல்ல மாற்றம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. கடைசியில் ஏழாவது கேள்விக்கு வந்துதான் ஆக வேண்டும்.

முப்பது நாள் தொடர்பில்லாவிட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. இருபத்தெட்டாம் நாள் அந்தத் தங்கையின் எண்ணுக்கு அழைத்தேன். "அவர்கள் இங்கே இல்லை" என்றார். எந்த இரவிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.