போகட்டும், காணாமல் மட்டும் போகவிடாதீர்கள்

நண்பன் ஒருவன் "நான் காலேஜை நிப்பாட்டப் போறேன்டா" என்று சொன்னால், உடனே புத்தி சொல்லத் தோன்றும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். முடிவு அவனுடையது, அவன் குடும்பத்துடையது. அவன் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறானா, சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்கு வராமல் போகிறானா என்பதில்தான் நண்பனால் உதவ முடியும். மலேசியாவின் பினாங்கில் என்னோடு டிப்ளோமா படித்தவன் பாதியில் நின்றபோது கூடவே இருந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்படிச் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதலில் வெளியே வரும் காரணம் பெரும்பாலும் பணம்தான். இவனும் அதைத்தான் சொன்னான். அப்பாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ், லாரி ஓட்ட முடியவில்லை. இவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு, நேராகப் பாலம் தாண்டி வகுப்புக்கு வருவான். பட்டர்வர்த்தில் ஒரு மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் வெகுநேரம் பேசிய பிறகுதான் மற்றது வந்தது: கணிதப் பாடத்தில் மறுபடியும் ஃபெயில், அது வீட்டுக்குத் தெரியாது. இரண்டும் வேறு வேறு சிக்கல். பணம் மட்டும் என்றால் செமஸ்டரை ஒத்திவைத்தால் போதுமாக இருக்கலாம். அப்பா சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் என்றால் டயாலிசிஸ் செலவுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். அதைக் கேட்டுப் பார்க்காமலேயே பிள்ளையின் படிப்பை நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. பாடமே ஏறவில்லை என்றால் துறை மாறுவதைப் பற்றிப் பேச வேண்டும். எது உண்மையான காரணம் என்று தெரியும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.

அடுத்தது கடிதம். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். சொல்லாமல் நின்றால் பெயர் பதிவிலேயே இருக்கும், எழுதாத தேர்வெல்லாம் தோல்வியாக விழும், கட்டணமும் ஏறிக்கொண்டே போகலாம். பதிவாளர் அலுவலகத்துக்கு அவனோடு போங்கள். முதலில் ஒத்திவைக்க வழி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணம் குறையும் என்று கேளுங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் விதி வேறு. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேறிய பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியலையும் கையோடு வாங்கிவிட வேண்டும். பாக்கி இருந்தால் பல இடங்களில் அதைத் தர மாட்டார்கள், ஆகவே தவணை பேசியாவது வாங்குங்கள். பின்னால் வேறு கல்லூரியில் சேரும்போது தேறிய பாடங்களை அங்கே கணக்கில் சேர்க்கும் கிரெடிட் மாற்றம் கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம்.

பி.டி.பி.டி.என் எனும் அரசாங்க உயர்கல்விக் கடன் எடுத்தவன் என்றால் அங்கேயும் தெரிவிக்க வேண்டும். டிப்ளோமா கையில் இல்லாவிட்டாலும், வாங்கிய தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான். மாதம் எவ்வளவு முடியும் என்று போய்ப் பேசினால் தவணையை மாற்றி அமைக்க வழி உண்டு. பயந்துகொண்டு கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பவர்களுக்குத்தான் சுமை கூடுகிறது.

வீட்டில் சொல்லும் நாள் எல்லாவற்றிலும் கடினம். அவன் அம்மா, ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துத்தான் முதல் கட்டணம் கட்டியிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா பாட்டியின் பேரன் கல்லூரிக்குப் போனது அந்த வீட்டுக்கே பெருமை. அவன் கேட்டுக்கொண்டதால் நானும் போனேன். பேச வேண்டியவன் அவன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "சொந்தக்காரங்ககிட்ட என்னாப்பா சொல்றது?" என்று அவன் அம்மா என்னைப் பார்த்து அழுதபோது மட்டும், "ஆண்ட்டி, அவன் ஓடிப்போகல. முறையா லெட்டர் குடுத்துட்டுதான் நிக்கிறான், பாஸ் பண்ண பாடமெல்லாம் கையில இருக்கு" என்றேன். முத்திரை வைத்த நகலை அவர் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

திரும்பி வரும் வழிகள் உண்டு, ஆனால் அவற்றை முதல் வாரத்திலேயே அவன் தலையில் கொட்டாதீர்கள். எஸ்.கே.எம் எனும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழில் தொடங்கி டிப்ளோமா நிலைக்கு ஏறலாம். 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாசிலேயே இருக்கிறது. வேலை அனுபவம் சேர்ந்த பிறகு, எம்.கியூ.ஏ (மலேசியக் கல்வித் தகுதி முகமை) நடத்தும், அனுபவத்தையே தகுதியாக எடைபோடும் ஏப்பல் மதிப்பீட்டின் வழி டிப்ளோமாவுக்கோ இளங்கலைக்கோ விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். தனியாக விடாதீர்கள், பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் கேட்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

பிறகு நாள்கள் ஓடும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அசைன்மென்ட் பேச்சே ஓடிக்கொண்டிருந்தால் அவனுக்கு வலிக்கும். நண்பர்களுக்கென்று தனிக் குழு ஒன்று வையுங்கள். அவனுடைய ஷிஃப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவு வேலை முடித்துத் தூங்குபவன் மதியம் போனை எடுக்க மாட்டான், நாமோ அவன் ஒதுங்குகிறான் என்று நினைத்து விட்டுவிடுவோம். ஓய்வு நாள் பார்த்துக் கூப்பிடுங்கள்.