பழைய பள்ளிக் கட்டடத்தை இடிக்கப் பட்ட பாடு

கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பாதி ஓடுகளை இழந்த எங்கள் பழைய சீமை ஓட்டுக் கட்டடம், பக்கத்திலேயே புதிய கட்டடம் எழும்பித் திறப்பு விழாவும் முடிந்த பின்னரும், விரிசல் விட்ட சுவர்களோடு பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. திருநெல்வேலியில் 2021 டிசம்பரில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பிறகு, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை அகற்ற அரசே உத்தரவிட்டது. ஆகவே இது சுலபமாக முடிந்திருக்க வேண்டிய வேலை.

குழுத் தீர்மானமும் பொறியாளரின் பழுதுச் சான்றும் தடையின்றிக் கிடைத்தன. கோப்பு சிக்கிக்கொண்டது பிரிவு எழுத்தரின் மேசையில். கட்டிய ஆண்டு சொத்துப் பதிவேட்டில் இல்லை, அது தெரியாமல் கோப்பை மேலே அனுப்ப முடியாது என்றார். பதிவேடு இருப்பது அவர் அலுவலகத்தில், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டதும் அதே அலுவலகம், ஆண்டைக் கண்டுபிடித்துத் தர வேண்டியவர்கள் மட்டும் நாங்களாம். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதித் தரச் சொன்னவரே, எழுதிக் கொண்டுபோனதும், “வாய்மொழியெல்லாம் ஆடிட்டில் நிற்காதுங்க சார்” என்று திருப்பிவிட்டார். வாசல் நிலைக்கு மேலே ஒரு கல் உண்டு என்று சொன்னவர் சத்துணவு ஆயாதான். ஆண்டாண்டாக அடித்த சுண்ணாம்பைக் கரண்டியால் சுரண்டச் சுரண்ட, அது ஏடு ஏடாகப் பெயர்ந்து, உள்ளே 1964 என்ற எண் தெரிந்தது. அதைப் படமெடுத்துத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் இணைத்த பிறகு எழுத்தருக்கு மறுபேச்சில்லை. அவர் முகம் போன போக்கில் எனக்கு அற்ப சந்தோஷம், அதை மறைப்பானேன்?

அடுத்தது, கட்டடத்தை இடித்து மரத்தையும் ஓட்டையும் எடுத்துக்கொள்வதற்கான ஏலம். உதிரிப் பொருள் மதிப்பில் தேக்கு உத்திரங்களை முழு விலைக்குப் போட்டிருந்தார்கள். தட்டிப் பார்க்க வந்த வியாபாரிகளுக்கோ கரையான் அரித்த வெற்றோசைதான் கேட்டது. ஏலம் கேட்பவர் கட்டும் முன்பணமான டேவணித் தொகையைக் கட்ட ஒருவரும் முன்வரவில்லை. மதிப்பைக் குறைத்து மறு ஏலம் விடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓவர்சியர் அளவெடுக்க வரும் அன்றே உடனிருந்து, உளுத்த மரத்தை அவர் கண்ணெதிரே உளியால் குத்திக் காட்டிவிடுவது நல்லது.

இடிக்க ஜேசிபி வந்து நின்ற பிறகுதான், புதிய கட்டடத்துக்கான மின்சாரம் பழைய சுவரில் இருந்த மீட்டரிலிருந்து போவது தெரியவந்தது. மீட்டரை மாற்ற மின்வாரியத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்திருந்தால் வண்டி வெறுமனே திரும்பியிருக்காது. ஏலம் எடுத்தவருக்கு மரமும் ஓடும் ஏறிவிட்டால் வேலை முடிந்தது. அஸ்திவாரமும் காரைக் குவியலும் பள்ளிக்கூடத்தின் தலையில் விழும். நல்லவேளையாக, இடிபாடுகளை அகற்றித் தரையைச் சமன்படுத்தித் தர வேண்டும் என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டி டேவணியை நிறுத்திவைத்த பிறகே டிராக்டர் திரும்பி வந்தது.

எல்லாம் முடிந்ததும் சொத்துப் பதிவேட்டில் கட்டடத்தை நீக்கச் சொல்லி எழுத்து மூலம் கேட்டு, நீக்கிய பக்கத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். எங்களிடம், இடித்துத் தள்ளிய கட்டடத்துக்குப் பராமரிப்பு விவரம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது.