நல்ல கால்

ஜூலை 2, செவ்வாய்

இன்று வகுப்பில் விழுந்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இடது முட்டி மடங்கியது. வலது கால் மடங்கியிருந்தால் இதை எழுதவே மாட்டேன். அது மடங்கும் என்று தெரிந்துதான் சிறு வயதிலிருந்து கையைத் தொடையில் ஊன்றி நடக்கிறேன். என் புடவைகள் எல்லாம் வலது தொடைக்கு மேல் அந்த ஒரே இடத்தில்தான் நைந்துபோகும். பள்ளி நாட்களில் பாவாடையின் உள்பக்கம் அம்மா அங்கே ஒட்டுத்துணி வைத்துத் தைத்துத் தருவாள்.

ஆனால் மடங்கியது இடது கால்.

"கால் தூங்கிவிட்டதா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 6, சனி

1969-இல், எனக்கு இரண்டு வயது இருக்கும்போது, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் மூன்று நாள் காய்ச்சலோடு வந்தது இளம்பிள்ளை வாதம். யாராவது கேட்டால் "சின்ன வயதில் போலியோ, வலது கால்" என்று முடித்துவிடுவேன். என் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது: நிரந்தரம், 50 சதவீதம், மேலும் மோசமடையாதது. அந்தக் கடைசிச் சொல்லை இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேன். போகவேண்டியது போய்விட்டது, இனிப் போக ஒன்றுமில்லை என்பதுதான் என் தைரியமே.

ஊரில் என்னை நொண்டி என்றார்கள். மும்பைக்கு வந்த பிறகு லங்கடி, அபங்க் என்று கேட்டேன். இப்போது ரயில் பெட்டியில் திவ்யாங்கஜன் என்று எழுதியிருக்கிறது. தமிழில் மாற்றுத்திறனாளி என்கிறோம். அந்தச் சொல்லை மதிக்கிறேன். மனு எழுதும்போதும் உரிமை கேட்கும்போதும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் நேற்று இரவு கட்டிலில் உட்கார்ந்து இடது தொடையில் தசை துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் எனக்கு உதவவில்லை. அதில் திறன் இருக்கிறது. பயத்தை வைக்க இடம் இல்லை.

ஜூலை 11, வியாழன்

மழை. வலது பாதம் பனிக்கட்டியாகக் குளிர்ந்து நீலம் பாரித்திருந்தது. அது ஒவ்வொரு மழைக்காலமும் நடப்பது.

முலுண்டு பிளாட்பாரத்தில் வழக்கமாகச் சந்திக்கும் தம்பி நின்றிருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வங்கி ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டர். எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் 'பீப்' என்ற ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் அவர் நிற்பார். இன்று பத்தடி தள்ளி நின்றிருந்தார். கூட்டிவந்தேன். பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஆறு மாதமாக இடது காது மந்தமாகிவருவதாகச் சொன்னார்.

"கண்ணை நான் இழக்கவில்லை அக்கா. எனக்கு அது இருந்ததே இல்லை. இல்லாததற்கு எப்படி அழுவது? காது என்னுடையது. ரோடு கடப்பதும் காதால்தான், மகள் முகம் வாடியிருப்பது தெரிவதும் காதால்தான்."

'உனக்குத்தான் பழக்கம் ஆயிற்றே, இதையும் சமாளித்துவிடுவாய்' என்று அவர் அண்ணன் சொன்னாராம். ஒருமுறை இழந்தவருக்கு அடுத்த இழப்பு எளிது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அது கோபத்தைத்தான் வரவழைக்கிறது. ஒரு காலை வைத்துக் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த ஒரு கால்தான் சொத்து முழுவதும்.

சயானில் நான் இறங்கும்போது, "காது டாக்டரிடம் போகப் பயமாக இருக்கிறது" என்றார். எனக்கும் அதே பயம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஜூலை 19, வெள்ளி

மூன்று மாதத்துக்கு முன்பு வேறோர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், "வயதாகிறது, எடையைக் குறையுங்கள், தினமும் நன்றாக நடங்கள்" என்றார். நடந்தேன். தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷன் வரை ஆட்டோ பிடிக்காமல் நடந்தேன். நடக்க நடக்கத் தளர்ந்தது. அவரை முழுதாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13-இல், ஹௌரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு. 2014 மார்ச்சில் நம் நாட்டுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. அவர் வயதுக்காரர்கள் பலர் அந்த நோயை நேரில் பார்த்தே இருக்கமாட்டார்கள். நோய் போய்விட்டது, அது தொட்ட நாங்கள் இன்னும் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

இன்று விடுப்பு எடுத்து ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கிவரும் அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனத்துக்குப் போனேன். நரம்பிலும் தசையிலும் சோதனை செய்தார்கள்; ஊசி குத்தியபோது வலித்தது. டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். போலியோ கிருமி தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்களைக் கொல்கிறது. பிழைத்த அணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, அனாதையான தசைநார்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கின்றன. ஒருவர் பலர் வேலையைச் செய்வதுபோல. பதினைந்து, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கிளைகள் உதிரத் தொடங்குகின்றன. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று பெயர். மருந்து கிடையாது. களைப்பு வருவதற்கு முன்பே உட்கார வேண்டும், தசையை வருத்தும் பயிற்சி கூடாது.

பிறகு ஒன்று சொன்னார். "உங்கள் இடது காலையும் அப்போதே போலியோ தொட்டிருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்."

நல்ல கால் என்று ஒன்று எனக்கு எப்போதும் இருந்ததில்லை. டாக்சியில் அழுதேன். அந்தக் காலுக்காகத்தான் அழுதேன். யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் எப்படி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது!

ஜூலை 21, ஞாயிறு

தூக்கமில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. 32 படிகள். இன்றுதான் எண்ணினேன்.

ஜூலை 25, வியாழன்

தலைமை ஆசிரியையிடம் பேசினேன். வழக்கமான ஒரு வரியைச் சொல்லாமல், "போலியோ முடிந்த காரியம் என்று முன்பு சொன்னேன், அது இன்னும் முடியவில்லை. இந்தக் காலும் தளர்கிறது. பயமாக இருக்கிறது" என்றேன். வாய் குழறியது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வகுப்பை முதல் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றினார். பியூனைக் கூப்பிட்டுக் கரும்பலகையை உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்துக்கு இறக்கச் சொன்னார். ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருக்கிறது, உட்கார்ந்தே நடத்தலாம்.

தம்பியோடு சனிக்கிழமை காது டாக்டரிடம் நானும் போகிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலைத் தாங்கும் சட்டமான காலிப்பருக்கு அளவு கொடுக்கப் போனேன். அளவெடுப்பவர் நாடாவை விரித்தபடி, "எந்தக் கால்?" என்று கேட்டார். வலது என்று வாய்வரை வந்துவிட்டது.

"இரண்டும்" என்றேன்.

முதலில் இடது காலை எடுத்து மணைமேல் வைத்தார். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.