அமிலத்தில் தொலைந்த அடினோசின்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். ஈஸ்ட் ஆர்.என்.ஏ.விலிருந்து நான்கு நியூக்ளியோசைடுகளையும், அதாவது அடினோசின் போல ஒரு பேஸும் சர்க்கரையும் மட்டும் ஒட்டிய துண்டுகளை, எடுப்பதாக எழுதிக் கொடுத்திருந்தேன். பாளையங்கோட்டையில் மே மாதம், லேபில் ஃபேன் ஓடியும் வியர்வை நிற்கவில்லை. அமிலத்தில் கொதித்தால் பாஸ்பேட் மட்டும் கழன்று, சர்க்கரையும் பேஸும் ஒட்டியபடி வரும் என்று நம்பினேன்.

1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 டிகிரி, ஒரு மணி நேரம். பிறகு கலவையைத் தாளில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் காகிதக் குரோமட்டோகிராபி, ஐசோபுரோபனாலும் அமிலமும் கலந்த கரைசலில் ராத்திரி முழுக்க. காலையில் இருட்டறையில் யு.வி. விளக்கைப் பிடித்தேன். நான்கு புள்ளிகள்! மூன்று கறுப்பாக, அடியில் தங்கியது மட்டும் நீலமாக மின்னியது. சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன்.

மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல சர்க்கரை இருக்குன்னு எப்படிம்மா சொல்லுத?" என்று கேட்டார்கள். ஆறு தாள்களிலிருந்து இரண்டாவது புள்ளியை வெட்டி, ஊறவைத்து, சர்க்கரை இருந்தால் பச்சை காட்டும் ஆர்சினால் போட்டுச் சூடாக்கினேன். பக்கத்துக் குழாயில் கடையில் வாங்கிய அடினோசின் கரும்பச்சையாக மாறியது. என்னுடையது நிறம் மாறவே இல்லை. கையில் இருந்தது சர்க்கரையை இழந்த பேஸ், வெறும் அடினின். நீலமாக மின்னியது குவானின், அதுவும் வெறும் பேஸ்தான்.

அடினினும் குவானினும் பியூரின் வகை பேஸ்கள். அமிலத்தில் பியூரின் வளையத்தின் நைட்ரஜனில் புரோட்டான் ஏறியதும் சர்க்கரையோடான பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. மற்ற இரண்டு பேஸ்களும் பிரிமிடின் வகை, அவற்றின் பிணைப்பு அதே சூட்டைத் தாங்குகிறது. அதனால் சைட்டிடினும் யுரிடினும் பாஸ்பேட்டை விடாமல் நியூக்ளியோடைடாகவே நின்றன. ஆர்சினால் சோதனையும் இந்தப் பலவீனத்தில்தான் நடக்கிறது: அதிலுள்ள அமிலம் பியூரினிலிருந்து சர்க்கரையைப் பிடுங்கித்தான் பச்சை காட்டுகிறது. பாடத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்க்கும்வரை உறைக்கவில்லை. நியூக்ளியோசைடு என்ற பெயரை 1909இல் ஜேக்கப்ஸோடு சேர்ந்து வைத்த வேதியியலாளர் ஃபீபஸ் லெவீன்கூடப் பிறகு அம்மோனியாவில்தான் சூடாக்கி எடுத்தார்.

எனவே காரத்துக்கு மாறினேன். 0.3 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 37 டிகிரி, 18 மணி நேரம். ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் 2' ஹைட்ராக்சில் இருப்பதால் காரத்தில் சங்கிலி அறுந்து நியூக்ளியோடைடுகளாகும், டி.என்.ஏ. என்றால் அசையாது. அடுத்து பெர்குளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சொட்டு கூடிவிடுமோ என்று பி.எச். தாளை நிமிடத்துக்கொரு தடவை தொட்டேன். குளிரில் வைத்தால்தான் பொட்டாசியம் உப்பாகப் படியும். அன்று பார்த்து ஐஸ் மெஷின் ஓடவில்லை. அட்டெண்டர் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுச் சர்பத் கடைக்குப் போய் ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்தார். "படியுதா பாருங்கம்மா" என்று அவரும் குனிந்து பார்த்தார். அரை மணியில் அடியில் வெள்ளை மணல் போல இறங்கியது.

மேல்நீரில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸ் சேர்த்து ராத்திரி விட்டேன். காலையில் கொஞ்சம் எடுத்து அம்மோனியம் மாலிப்டேட் போட்டதும் மஞ்சளாகப் படிந்தது, பாஸ்பேட் பிரிந்திருந்தது. மறுபடி தாள், வெட்டு, ஆர்சினால்.

இந்தத் தடவை என் குழாயும் பச்சையானது.