கங்கை நீரோடு காசியிலிருந்து சேதுவுக்கு

காசி யாத்திரை காசியில் முடிவதில்லை. இராமேசுவரத்தில் கடல் மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கே முகந்த நீரோடு காசியும் கயையும் சேவித்து, மீண்டும் இராமேசுவரத்துக்கே வந்து இராமநாத சுவாமிக்கு அந்த நீரால் அபிஷேகம் செய்வித்தால்தான் யாத்திரை நிறைவு பெறும் என்பது நம் பெரியவர்கள் வகுத்த முறை. ஆகவே காசியில் கழியும் கடைசி நாளை விடுமுறையின் முடிவாகக் கொண்டு, பெட்டியைக் கட்டிவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிட முடியாது. பாதி வழிபாடு இன்னும் தென்கோடியில் காத்திருக்கிறது என்ற நினைப்பு, எங்கள் குழுவில் வயதில் மூத்தவரான என் அத்தையைத்தான் எல்லோரையும்விடச் சுறுசுறுப்பாக வைத்திருந்தது.

அன்று விடியலுக்கு முன்பே அனுமான் காட் படித்துறையில் இறங்கினோம். தென்னாட்டு யாத்திரிகர்கள் காலங்காலமாகத் தங்கிவரும் பகுதி அது. சந்துகளில் தமிழ்ப் பலகைகளைப் பார்க்கலாம். காலையில் டிகாஷன் வாசனைகூட வரும். 1898 முதல் 1902 வரை பாரதியார் தம் அத்தை குப்பம்மாளின் வீட்டில் தங்கிப் படித்த சிவமடமும் இங்கேதான் இருக்கிறது. எங்களுக்குச் சங்கற்பம் செய்துவைத்த சாஸ்திரிகள், முதல் நாள் போல விரிவாகச் செய்யாமல் சுருக்கமாக முடித்து, கடைசியில் எங்கள் ஒவ்வொருவர் தலையிலும் அட்சதை தூவி, "புனர் தர்சனப் பிராப்திரஸ்து" என்று வாழ்த்தினார். மறுபடியும் இந்தத் தரிசனம் கிடைக்கட்டும் என்ற அந்த வாழ்த்தைக் கேட்டதும் அத்தை, "எனக்கு வேண்டாம் மாமா, இவங்களுக்குச் சொல்லுங்கோ" என்றார். எழுபதைத் தாண்டியவர் அப்படிச் சொன்னதில் வருத்தம் ஏதும் தொனிக்கவில்லை.

ஈரத்துணியை மாற்றிக்கொண்டு படித்துறைகளின் வழியாகவே வடக்கு நோக்கி நடந்தோம். சற்றுத் தூரத்தில் அரிச்சந்திரா காட் வந்துவிடும். சிதை எரிந்துகொண்டிருக்க, பக்கத்தில் விறகு அடுக்கி வைத்திருக்க, அதற்கு நான்கு அடி தள்ளித் தேநீர்க்காரர் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார். வந்த புதிதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்த இடத்தில் அன்று நாங்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனோம். அதற்கடுத்துச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த மதிலோடு நிற்பது கேதார் காட். அதன் உச்சியில் கேதாரேசுவரர் கோயில். ஆவுடையார் என்னும் பீடத்தின் மேல் உயர்ந்து நிற்கும் வழக்கமான பாணம், அதாவது இலிங்கத்தின் தண்டுப் பகுதி, இங்கே கிடையாது. தரையோடு ஒட்டிய பாறை மேடொன்று, நடுவே பிளவுபட்டாற்போல ஒரு கோட்டோடு காட்சி தருகிறது. பக்தர் ஒருவர் விருந்தினருக்கென இரண்டாகப் பிரித்து வைத்த கிச்சடியே இறைவனாக இறுகியது என்பது தல வரலாறு. அந்தக் கோட்டின் மீது அர்ச்சகர் வில்வத்தை அடுக்கும்போது அருகே நின்று பார்க்க அன்று எங்களுக்கு இடம் கிடைத்தது.

இந்தக் கோயிலைப் பற்றி எழுதும் தமிழர் யாரும் குமரகுருபரரை விட்டுவிட இயலாது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, 17-ஆம் நூற்றாண்டில் காசிக்கு வந்து, இந்துஸ்தானி மொழி வசப்பட வேண்டிக் கலைமகள் மீது சகலகலாவல்லி மாலை பாடி, பாதுஷாவிடம் இடம் பெற்று மடம் நிறுவினார் என்று அவர் வரலாறு சொல்லப்படுகிறது. அந்த மரபில் வந்த மடம்தான் கேதாரேசுவரர் வழிபாட்டை இன்றும் நடத்திவருகிறது. கங்கைக்கரையில் நின்றுகொண்டு நம் ஊர்க் கோயில் மணியோசையையும் தீபாராதனை முறையையும் காண்பது, வீட்டு நினைவு எடுக்கத் தொடங்கும் கடைசி நாளில் மனத்துக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

விசாலாட்சி, அன்னபூரணி, விசுவநாதர் மூவரையும் காலைப்பொழுதுக்குள்ளேயே சேவித்துவிட வேண்டும் என்று திட்டம். விசாலாட்சி கோயில் நாட்டுக்கோட்டை நகரத்தார் திருப்பணி செய்து காத்துவருவது. கோபுரமும் சுதைச் சிற்பங்களும் சந்துக்குள் திடீரெனச் செட்டிநாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. விசுவநாதர் பூசைக்கான பொருள்களை நகரத்தார் சத்திரத்திலிருந்து நாள்தோறும் "சம்போ, சம்போ" என்று முழங்கிக்கொண்டு எடுத்துச் செல்வதை முந்தின மாலையே பார்த்திருந்தோம். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் அந்தக் குரலுக்கு வழி திறந்துவிடுகிறது.

இன்றைய விசுவநாதர் கோயில் 1780-இல் அகல்யாபாய் ஓல்கர் எடுப்பித்தது. விமானத்தின் பொன்வேய்ந்த தகடு பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் காணிக்கை. 2021 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்ட பெருவளாகம் வந்தபிறகு, கோயிலிலிருந்து கங்கை வரை தடையில்லாமல் நடந்து போகலாம். முதியவர்களுக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பழைய சந்துகளில் மாட்டுக்கும் பூக்கடைக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போய், எதிர்பாராத திருப்பத்தில் வாசலைக் கண்டவர்களுக்கு அந்த வழியின் மேல் ஓர் ஏக்கம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் இருக்கிறது. கருவறையின் ஒரு மூலையை ஒட்டி, வெள்ளி பதித்த சதுரத் தொட்டிக்குள் எழுந்தருளியிருக்கும் சிறிய இலிங்கத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பாலும் நீரும் வில்வமும் நிறைந்த அந்தத் தொட்டிக்குள் கைவிட்டுத் தொட்டு வணங்கும் வாய்ப்பு அன்று கிடைத்தது. குளிர்ந்த பாலுக்கடியில் கல்லின் வழவழப்பு விரல்நுனியில் பட்ட மறுகணமே காவலர் முதுகைத் தொட்டு நகர்த்திவிட்டார்.

ஊர் திரும்புமுன் கடைசியாகப் போக வேண்டிய இடம் காலபைரவர் சந்நிதி. காசியின் காவல் தலைவர் அவர்; வரும்போது சொல்லிக்கொள்ளாவிட்டாலும் போகும்போது விடைபெறாமல் போகக்கூடாது என்பார்கள். குறுகிய சந்தில் வரிசை நீண்டிருந்தது. உள்ளே வெள்ளி முகக் கவசமும் மாலைகளும் மட்டுமே தெரிகின்றன. பூசாரி மயிற்பீலிக் கற்றையால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். ஊரில் யார் யாருக்குக் காசிக் கயிறு வேண்டும் என்று அத்தை ஒரு பட்டியலே வைத்திருந்ததால், வெளிக்கடையில் கட்டுக்கட்டாக வாங்கி வந்து சந்நிதியில் வைத்துக் கேட்டு வாங்கினோம். அரிசிக்குள் இருத்தி வைத்து வணங்குவதற்கான சிறிய பித்தளை அன்னபூரணியும் அங்கேயே வாங்கியாயிற்று.

கங்கை நீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காசியிலிருந்து நீரோ மண்ணோ எடுத்து வரலாகாது என்பது பலரும் கடைப்பிடிக்கும் நம்பிக்கை. அங்கே உயிர்விடும் புழு பூச்சிக்கும் முக்தி உண்டென்பதால், ஒரு சொம்பு நீரை எடுத்தால்கூட அதிலுள்ள உயிர்களின் முக்தியைத் தடுத்ததாகிவிடும் என்று காரணம் சொல்கிறார்கள். எங்களிடம் இருந்தது பிரயாகையில் படகிலிருந்து முகந்த நீர். இராமேசுவரம் கோயிலில் செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் வந்த நீரையே அபிஷேகத்துக்கு ஏற்பார்கள் என்பதால், பெரிய செப்புச் சொம்பு ஒன்றில் நிரப்பி வாயை ஈயம் பற்றவைத்து அடைத்து வாங்கியிருந்தோம். அறையைக் காலி செய்யுமுன் அந்தச் சொம்பைச் செய்தித்தாள் மேல் தலைகீழாக நிறுத்தி, சாப்பிட்டு முடிக்கும்வரை விட்டுவைத்தார் அத்தை. தாளில் ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பிறகே அது துண்டில் சுற்றப்பட்டுக் கைப்பைக்குள் போயிற்று.

முன்பு மண்டுவாடி என்று வழங்கிய பனாரஸ் நிலையத்திலிருந்து இராமேசுவரத்துக்கு நேராகச் செல்லும் வாராந்திர விரைவு வண்டி இருக்கிறது. விமானத்தில் போயிருந்தால் அன்றிரவே தமிழ்நாட்டில் இருந்திருக்கலாம். அப்படிப் போகாததற்கு நான் மகிழ்கிறேன், காரணம் ஆறுகள். நீராடும்போது நாம் சொல்லும் "கங்கே ச யமுனே சைவ கோதாவரி ஸரஸ்வதி, நர்மதே ஸிந்து காவேரி" என்ற சுலோகத்தில் வரும் ஏழு ஆறுகளில் கங்கை, யமுனை, கண்ணுக்குப் புலப்படாத சரசுவதி மூன்றும் திரிவேணியிலேயே கிடைத்துவிட்டன. மீதியில் சிந்து ஒன்று நீங்கலாக மற்ற மூன்றையும் இந்த வண்டி கடந்து வருகிறது.

மறுநாள் காலை ஜபல்பூர் தாண்டியதும் நர்மதை வந்தது. ஸ்லீப்பர் பெட்டி என்பதால் சன்னல் திறந்திருந்தது. வடக்கத்திய பெண்கள் "நர்மதே ஹர்" என்று சொல்லிக் காசு எறிந்தார்கள், எங்கள் பக்கத்தில் கைகூப்பினோம். அதன்பிறகு நாள் முழுவதும் சாத்புராக் காடுகள், இடார்சி, நாக்பூர் என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது, எழுதுவதற்கு அதிகமில்லை. மஞ்சிரியாலை அடுத்துக் கோதாவரி வரும்போது நள்ளிரவை நெருங்கிவிட்டது. எழுப்பச் சொல்லியிருந்த அத்தையை எழுப்பினேன். பாலத்தின் இரும்பு ஓசை மாறியதைத் தவிர வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவர் சுலோகத்தை முழுவதும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வண்டியில் சாப்பாட்டு நேரம்தான் சோதனை. கயையில் சிராத்தம் முடித்தபின் அட்சயவடம் என்னும் ஆலமரத்தினடியில் ஓர் இலை, ஒரு காய், ஒரு பழம் என்று வாழ்நாளுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது மரபு. பலர் பிடிக்காததை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பாகற்காயை விட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருவர். விரும்புவதை விட்டால்தானே அதற்குப் பொருள் உண்டு என்று அத்தை உருளைக்கிழங்கை விட்டிருந்தார். இரண்டு பகலும் வண்டியில் விற்க வந்ததோ பூரியும் உருளைக்கிழங்கு மசாலாவும், சமோசாவும், ஆலு போண்டாவும்தான். கொண்டு வந்த அவலையும் தயிரையும் வைத்து அவர் சமாளித்தார். பாகற்காயை விட்டவர்கள் சமோசாவை மறைத்து மறைத்துச் சாப்பிட்டார்கள்.

சென்னையில் பாதிப் பெட்டி காலியாயிற்று. அதுவரை யாத்திரிகர்களாக இருந்தவர்கள் தொலைபேசியில் அலுவலகம் பற்றிப் பேசத் தொடங்கியதும் விடுமுறை உண்மையிலேயே கரைந்துவிட்டது தெரிந்தது. மாலையில் கொள்ளிடத்தையும் அடுத்துக் காவிரியையும் கடந்தபோது, ஒரு பக்கம் திருவரங்கத்துக் கோபுரமும் பின்பு மலைக்கோட்டையும் தெரிந்தன. சுலோகத்தின் கடைசிப் பெயரும் வந்துவிட்டது.

எங்கள் ஊர் மானாமதுரை. வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் இராமேசுவரம் போகிறது. ஆனால் நாங்கள் இறங்கவில்லை. யாத்திரை முடியாமல் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று அத்தை முதலிலேயே சொல்லிவிட்டார். இரவில் நடைமேடைக்கு வந்திருந்த தம்பி, இட்லிப் பொட்டலத்தையும் மாற்றுத் துணிகளையும் சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, எங்கள் பெரிய பெட்டிகளை இறக்கிக்கொண்டான். "வீடு கூப்பிடு தூரம், குளிச்சுட்டுக் காலையில போகக்கூடாதா அத்தை?" என்று கேட்டான். அவர் மடியிலிருந்த சொம்பைத் தட்டிக் காட்டினார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டிகள் நின்றுபோன பிறகு, சேது யாத்திரிகர்கள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டபின் மீண்டும் கடல்மீது நேரே போக முடிகிறது. கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயர்ந்து வழிவிடும். இரவாதலால் நாங்கள் கண்டது படகுகளின் விளக்குகளை மட்டுமே.

காலையில் அக்கினி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் உலர்ந்த துணிக்கு மாறி, சொம்போடு வரிசையில் நின்றோம். கேதாரேசுவரர் கோயிலில் தென்னாட்டு முறை வழிபாட்டைக் கண்டுவந்த எங்களுக்கு, இங்கே கருவறையில் பூசை செய்வோர் சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்ற மராட்டிய மரபினர் என்பது நினைவுக்கு வந்தது. வடக்கும் தெற்கும் இவ்வாறு ஆள் மாற்றிக்கொண்டதில் ஓர் அழகு இருக்கிறது. அனுமன் கொண்டுவந்த காசி விசுவநாதருக்கே முதல் பூசை என்பது இத்தலத்தின் விதி. கயிலையிலிருந்து இலிங்கம் வரத் தாமதமானதால் சீதை மணலால் பிடித்ததை இராமர் பூசித்துவிட, வருந்திய அனுமனுக்காக ஏற்பட்ட முறை அது. அவரை முதலில் வணங்கினோம்.

அலுவலகத்தில் அபிஷேகச் சீட்டு வாங்கி, சொம்பின் வாய் அடைப்பைக் கத்தியால் நெம்பித் திறந்து கொடுத்தோம். அர்ச்சகர் எங்கள் பெயர் நட்சத்திரங்களைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். இராமநாதர் மேல் அந்த நீர் இறங்கியது சில நொடிகள்தான். அதற்குள் அத்தை, இறந்துபோன தம் கணவர் பெயரையும் என் தந்தையார் பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டார்.

பிற்பகல் வண்டியில் மானாமதுரை வந்து சேர்ந்தோம். சிறிய சொம்புகளில் தனியே கொண்டுவந்த கங்கை நீரை வைத்து, வரும் ஞாயிறன்று வீட்டில் கங்கா பூசையும் சமாராதனையும் நடக்க இருக்கின்றன. சமையற்காரரிடம் அத்தையே பட்டியல் கொடுத்திருக்கிறார். வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அதில் உருளைக்கிழங்குக் கறியையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.